மண்ணுக்கு உயிரளித்த மேதை

உலகத்து உயிர்களுக்கெல்லாம் உணவளிப்பது நிலம். அந்நிலத்திற்கும் பசி உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் ஒரே பயிரை விளைத்து, விளைந்ததையெல்லாம் வாரிக்கொண்டு, நிலத்திற்கு ஒன்றும் திருப்பித் தாராது விட்டால் அது மெலியும். மெலிந்த நிலத்தில் பயிர் சோரும். பயிர் சோர்ந்த இடத்தில் களை தலைதூக்கும். களை மிகுந்த நிலத்தை நம்பிய உழவன் கடனாளி ஆவான். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் ஒரு காலத்தில் இந்நிலையே பரவியிருந்தது. அங்குச் சென்று, மெலிந்த மண்ணையும் மெலிந்த மக்களையும் ஒருங்கே வாழ்விக்க 46 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பெரியார் ஒருவர் உண்டு. அவரே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, அறிஞர் போற்றும் உழவியல் மேதையாக உயர்ந்த அவருடைய வரலாறு கற்றார்க்கும் கல்லார்க்கும் பயன் தருவது.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் மிசௌரி என்பது ஒன்று. அதன் தென்மேற்கில் டயமண்ட் என்னும் சிற்றூரை அடுத்து மோசஸ் கார்வர் என்பவர் பண்ணை வைத்திருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட கறுப்பின மக்களையும் அவர்தம் வழியினரையும் ஆடுமாடுகளைப் போல விலைக்கு வாங்கி, அடிமைகளாக வைத்திருக்கும் கொடிய வழக்கம் அக்காலத்தில் அந்நாட்டில் இருந்தது. மோசஸ் கார்வர் 1855ஆம் ஆண்டில் மேரி என்னும் பெண்ணை 700 டாலர் கொடுத்து வாங்கினார். அம்மேரியின் மகனே ஜார்ஜ். அடிமைகளின் பிறந்த நாளைக் குறித்து வைப்பார் எவரும் இலராதலின், அவர் பிறந்த நாள் இன்றளவும் துணியப்படவில்லை. 1864ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்திருக்கலாம் என்பர்.

அது அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம். கொள்ளைக் கூட்டத்தார் பண்ணைகளுள் புகுந்து அடிமைகளைக் கவர்ந்து சென்று வேற்றிடங்களில் விற்பது வழக்கமாயிருந்தது. ஒருநாள் அவர்கள் மேரியையும் அவள் கைக்குழந்தையாகிய ஜார்ஜையும் கவர்ந்து சென்றனர். மோசஸ் கார்வர் ஆள் விடுத்துத் தேடச் செய்தார். குழந்தை மட்டும் கிடைத்தது, தாய் கிடைத்திலள். குழந்தையை மீட்டுத் தந்தவருக்கு மோசஸ் தம் குதிரை ஒன்றைப் பரிசாக அளித்தார். ஒரு குதிரைக்கு ஈடாக மீண்ட அக்குழந்தை, கக்குவான் இருமலால் நலிந்து, உயிர் பிழைக்குமோ என்று ஐயுறும் நிலையில் இருந்தது. மோசஸின் மனைவி சூசன் அதனைப் பேணி வளர்த்தார்.

1865ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்தது. ஜார்ஜும் அவர் அண்ணன் ஜிம்மும் கார்வர் இல்லத்திலேயே வளர்ந்தனர். நோயால் மெலிந்த உடலினராகிய ஜார்ஜ் வயல்வேலைக்கு உதவாமையால், சமைத்தல், துவைத்தல், தைத்தல் முதலிய வீட்டு வேலைகளைச் சூசனிடம் பயின்றார். ஓய்ந்த நேரமெல்லாம் காட்டில் திரிந்து, செடிகொடிகளை உற்றுநோக்குவதே அவருக்கு விளையாட்டு. காட்டில் ஒரு மறைவிடத்தில் சிறு தோட்டம் ஒன்றை அமைத்து, வாடிய செடிகளைக் கொண்டுவந்து நட்டு, அவை தளிர்ப்பது கண்டு மகிழ்வார். அயலார் தம் தோட்டத்துச் செடி நோயுற்றால் அச்சிறுவனை அழைத்துக் காட்டலாயினர். செடி மருத்துவன் என்னும் பெயர் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது.

கல்வி வேட்கை

ஜார்ஜுக்குக் கல்வியில் தணியாத வேட்கை இருந்தது. ஆயின், டயமண்டில் இருந்த பள்ளி கறுப்பினச் சிறுவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல கல் தொலைவிலிருந்த நியோஷோ என்னும் ஊரில் அவர்களுக்கென ஒரு பள்ளி உண்டென அறிந்து, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் தனியே நடந்து அவ்வூரை அடைந்தார். முதல் இரவு ஒரு கொட்டிலில் படுத்துறங்கினார். விடிந்ததும் அவ்விடத்துக்குரிய மரையா வாட்கின்சு என்னும் அம்மையார் அவரைக் கண்டு பெயர் வினவினார். கார்வருடைய ஜார்ஜ் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதே அச்சிறுவருக்குப் பழக்கம். அஃது அடிமையின் பெயர். இனி அவ்வாறு சொல்லலாகாது, உன் பெயர் ஜார்ஜ் கார்வர் என்று அவ்வம்மையார் திருத்தினார். மருத்துவச்சியாகவும் சலவைத் தொழில் செய்பவராகவும் விளங்கிய அவர், மூலிகைகளின் இயல்பையும் ஜார்ஜுக்கு அறிவுறுத்தினார்.

நியோஷோவில் கற்பதற்குரியதைக் கற்றுமுடித்த ஜார்ஜ், மேலும் கற்க விரும்பிக் கான்சாஸ் நாட்டில் ஊர் ஊராகச் சென்றார். சமைத்தும் துவைத்தும் வயிறு வளர்த்துக்கொண்டு படித்தார். ஓர் ஊரில் கறுப்பினத்தார் ஒருவரை வெள்ளையர் கூட்டம் ஒன்று கொடுமையாகக் கொன்றதைக் கண்ணாரக் கண்டு, நெஞ்சம் நடுங்கி அவ்வூரை விட்டே அகன்றார். அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவர் நினைவை விட்டு நீங்கவில்லை. பின்னர் உயர்நிலைக் கல்வியை முடித்து, ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் விடுத்தார். அவர்கள் எழுத்து வழியாக இடம் தந்தனர். ஆயின், நேரிற் சென்றபோது அவர்தம் நிறத்தைக் கண்டு திருப்பி அனுப்பிவிட்டனர். அவமதிப்பால் மனம் தளர்ந்த அவர், 1886ஆம் ஆண்டில் கான்சாஸின் மேற்குப் பகுதியில் அரசு அளித்த புல்வெளி நிலத்தில் மண்கட்டிகளால் குடிசை அமைத்துக்கொண்டு சில காலம் உழவு செய்தார். வறட்சியும் பனிப்புயலும் நிறைந்த அந்நிலத்தில் உழவரின் துன்பத்தை அவர் தம் உடலாலேயே அறிந்தார்.

1890ஆம் ஆண்டில் அயோவா நாட்டிலுள்ள சிம்சன் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே ஓவியமும் இசையும் பயின்றார். அவர் வரையும் ஓவியங்களில் செடிகொடிகள் உயிருடன் நிற்பன போலத் தோன்றுவதைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், அவரைச் செடிநூல் பயிலுமாறு ஊக்கினார். அதன்படி 1891இல் ஏம்ஸ் நகரத்து வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் பயின்ற முதற் கறுப்பின மாணவர் அவரே. ஓவியத்தையும் அவர் அடியோடு விட்டாரல்லர்; 1893இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் தீட்டிய ஓவியம் ஒன்று பாராட்டுப் பெற்றது. 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். செடிகளுக்கு நோய் தரும் காளான் வகைகளை ஆராய்வதில் அவர் பெற்ற தேர்ச்சியை ஆசிரியர் லூயி பாமெல் பெரிதும் மதித்தார். அங்கிருந்த மற்றோர் ஆசிரியரின் சிறுமகன் ஹென்றி வாலஸ் என்பான், கார்வரோடு வயல்வெளியில் நடந்து செடிகளைப் பற்றிக் கேட்டறிவான். அச்சிறுவனே பின்னாளில் அமெரிக்க நாட்டின் வேளாண்மை அமைச்சராகவும் துணைக் குடியரசுத் தலைவராகவும் விளங்கினான்.

டஸ்கீகியின் அழைப்பு

அயோவாவில் மதிப்பும் வசதியும் மிக்க வாழ்வு கார்வருக்குக் காத்திருந்தது. அந்நிலையில் தென்னாட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அலபாமா நாட்டில் டஸ்கீகி என்னும் ஊரில், அடிமைநிலையினின்று விடுபட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1881இல் ஒரு கல்விக்கழகம் தொடங்கப்பெற்றிருந்தது. அதனை நடத்தியவர் புக்கர் வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவரே. தம் கழகத்தில் உழவுத்துறையை அமைத்து நடத்துமாறு அவர் கார்வரை வேண்டினார். தம் மக்களுக்குப் பயன்படுவதே தாம் கற்ற கல்வியின் பயன் என்று கருதிய கார்வர், 1896ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் டஸ்கீகி சென்று சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி உள்ளத்தை உருக்குவதாக இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பருத்தி. வீட்டு வாயிற்படி வரை பருத்தி. காய்கறி விளைப்பதற்கும் இடம் விடாது பருத்தியையே விளைத்தனர். பல்லாண்டுகளாகப் பருத்தி ஒன்றையே விளைத்ததனால் மண்ணின் சத்து வறண்டுவிட்டது. பருத்தி எடுத்த பின்னர் குளிர்காலம் முழுவதும் நிலம் ஆடையின்றிக் கிடக்கும். அக்காலத்து மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. ஆள் நின்றால் மறையும் அளவிற்குப் பள்ளங்கள் விழுந்தன. உழவர் பெரும்பாலோர்க்குச் சொந்த நிலம் இல்லை. நிலக்கிழாரிடம் வாரத்திற்கு நிலம் பெற்று, விதையும் உணவும் கடனுக்கு வாங்கி, விளைந்த பருத்தியைக் கடனுக்கே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவர். சட்டத்தால் ஒழிந்த அடிமைத்தனம் கடனின் உருவில் மீண்டும் வந்து நின்றது.

இத்துன்பத்தைப் பெருக்கியவை களைகள். பருத்தி முளைத்த சில வாரங்கள் வரை மெல்லவே வளரும் இயல்புடையது. அதன் வரிசைகளுக்கிடையே வெறுநிலம் மிகுதியாகக் கிடக்கும். அவ்விடத்தை அறுகம்புல்லும் பிற களைகளும் பற்றிக்கொள்ளும். மாட்டுத் தீவனத்திற்கென்று முன்னர் அலபாமாவில் விரும்பி விதைக்கப்பட்ட ஜான்சன் புல் என்பதும் பரவி, வேரோடு களைய முடியாத பகையாயிற்று. களைக்கொல்லி மருந்துகள் தோன்றாத காலம் அது. களைக்கொட்டு ஒன்றே கருவி. பெண்டிரும் பிள்ளைகளும் வைகறை முதல் அந்தி வரை வெயிலில் நின்று களை கொத்துவர். பருத்தி வேலைக் காலத்தில் பள்ளிகள் வெறிச்சோடின. ஏடு பிடிக்க வேண்டிய கைகள் கொட்டுப் பிடித்தன. ஆகவே, களையை ஒடுக்கும் வழி காண்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழி காண்பதும் ஆயிற்று.

பயறும் தானியமும்

1897இல் அலபாமா சட்டமன்றம் டஸ்கீகியில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை அமைக்க இசைந்து, ஆண்டொன்றுக்கு 1,500 டாலர் வழங்கியது. கார்வர் தேர்ந்த சோதனை நிலம் 10 ஏக்கர் அளவினது, வளம் குன்றியது, போட்ட முதலையும் தாராதது. ஆய்வுக்கூடத்திற்குரிய கருவிகளும் அவரிடம் இல்லை. அவர் மாணவரை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளுக்குச் சென்றார். எறியப்பட்ட புட்டிகள், மூடிகள், கம்பிகள், பழைய விளக்குகள் ஆகியவற்றைத் திரட்டி, அவற்றைக் கொண்டே ஆய்வுக்கூடம் அமைத்தார். இருப்பதைக் கொண்டு செய்வதே அறிவின் முதற் கடமை என்பதனை மாணவர் அன்றே கண்டனர்.

மெலிந்த நிலத்திற்கு அவர் கொடுத்த முதல் மருந்து பயறு. அவரை, பயறு, கடலை முதலிய குடும்பத்துச் செடிகளின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறுசிறு முண்டுகள் காணப்படும். அம்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. இவ்வுண்மையை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல், வில்பார்த்து என்னும் இருவர் 1880களில் நிறுவினர். விலை கொடுத்து உரம் வாங்க வகையற்ற உழவனுக்குக் காற்றே உரக்களஞ்சியம் என்பதைக் கார்வர் கண்டார். காராமணி, பூனைக்காலி இனத்துப் பயறு, குளோவர் முதலியவற்றை விதைத்து, வளர்ந்தபின் மடக்கி உழுதார். காட்டில் உதிர்ந்த இலைகளையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் கொணர்ந்து எருவாக இட்டார். சில ஆண்டுகளில் அந்நிலம் இழப்பு நீங்கி ஊதியம் தரலாயிற்று. நலிந்த நிலத்தைச் செழிப்பாக்கும் முறையை 1905இல் ஒரு சிறுநூலாக எழுதி வெளியிட்டார்.

மூடுபயிரின் பயன் உரமிடுவதோடு நின்றுவிடுவதன்று. வெறுமையாகக் கிடக்கும் நிலத்தை இயற்கை விட்டுவைப்பதில்லை. நாம் ஒன்றை விதையாவிடில் அது களையை விதைக்கும். களைகளின் விதை பெரும்பாலும் மிகச் சிறியது. அதனுள் அடங்கிய உணவும் சிறிது. ஆகவே, முளைத்தவுடன் வெயில் கிடைக்காவிடில் அது வாடி மாயும். நெருங்க விதைத்த காராமணி விரைந்து படர்ந்து தன் அகன்ற இலைகளால் நிலத்தை மூடிக்கொள்ளும். அந்நிழலில் பல களைகள் தலையெடுக்க மாட்டா.

பயறு ஒன்றையே விதைப்பதனினும் தானியத்தையும் பயற்றையும் கலந்து விதைப்பது களையை ஒடுக்கச் சிறந்தது. தென்னாட்டு உழவர் மக்காச்சோளத்தில் கடைசிக் களையெடுப்பின்போது இடையிடையே காராமணி விதைப்பர். சோளம் நிமிர்ந்து நிற்க, காராமணி தரையை மூடிச் சோளத்தண்டையும் பற்றிப் படரும். குளிர்காலத்தில் ரை, ஓட்ஸ் ஆகிய தானியங்களோடு வெட்ச் என்னும் கொடிப்பயற்றைச் சேர்த்து விதைத்தலும் உண்டு. இக்கூட்டில் ஒவ்வொன்றும் தன்தன் தொழிலைச் செய்கின்றது. தானியம் முந்தி முளைத்து மண்ணைப் பற்றிக்கொள்ளும். அதன் சல்லிவேர் மேல்மண்ணை இறுகப் பிணித்து மழை அரிக்காமல் காக்கும். மண்ணில் எஞ்சிய நைட்ரஜனைத் தானியம் உறிஞ்சிவிடுவதால் களைக்கு உணவு குறையும். பயறோ காற்றிலிருந்து தன் உணவைத் தேடிக்கொள்ளும். தானியத்தின் தண்டு பயற்றங்கொடிக்குக் கொழுகொம்பாகும். தானியம் விட்ட இடைவெளியைப் பயறு நிரப்பும்.

இரண்டையும் சாய்த்த பின்னரும் அவற்றின் உதவி தொடர்கின்றது. பயற்றின் தழை மென்மையானது. விரைவில் மக்கி, அடுத்த பயிருக்கு உரமாகும். தானியத்தின் தாளோ வலியது. மெல்ல மக்கி, நெடுநாள் தரையைப் போர்த்திக் கிடக்கும். அப்போர்வையினூடே களை முளைப்பது அரிது. ரை தானியத்தின் தழை மக்கும்போது வெளிப்படும் சில பொருள்கள் சிறுவிதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன என்பதையும் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து கண்டுள்ளனர். ஆயினும் இம்முறை காலமறிந்து செய்வார்க்கே பயன் தரும். மூடுபயிரை விதை முற்றுமுன் சாய்க்க வேண்டும். முற்றவிட்டால் அதுவே அடுத்த பயிருக்குக் களையாகும். விதை அருகிப்போனால் இடைவெளியில் களை புகும். கிழங்கும் வேர்த்தண்டும் கொண்டு பல்லாண்டு வாழும் களைகளை மூடுபயிர் ஒன்றே அழித்துவிடாது; அவற்றிற்கு உழவும் களையெடுப்பும் வேண்டும். நன்மையும் வரம்பும் அறிந்து பின்பற்றுவதே அறிவுடைய உழவு.

ஊர்தோறும் சென்ற பள்ளி

அறிவு நூலினுள் அடங்கிக் கிடந்தால் எழுத்தறியா உழவனுக்கு யாது பயன்? கார்வர் எளிய நடையில் சிறுநூல்கள் எழுதினார். 1898இல் தொடங்கித் தம் இறுதிக்காலம் வரை அவர் வெளியிட்டவை 44. ஒவ்வொன்றும் உழவனுக்குப் பயிர் செய்யும் முறையையும், அவன் மனைவிக்கு விளைந்ததைச் சமைக்கும் முறையையும் ஒருங்கே உரைத்தது. காராமணியைப் பற்றியே அவர் தனிநூல்கள் எழுதியுள்ளார். ஏழை உழவன் உண்ணத்தக்க பயிரை மண்ணுக்குள் மடக்கி உழ மனம் கொள்ளான் என்பது அவருக்குத் தெரியும். ஆதலின், காயும் பருப்பும் குடும்பத்திற்கு, தழை மாட்டிற்கு, வேர் மண்ணிற்கு என மூவர்க்கும் பயன்படும் வழியை அவர் காட்டினார்.

படிக்க இயலாதார்க்கு நேரிலேயே காட்ட வேண்டுமென்று எண்ணி, 1906ஆம் ஆண்டில் ஒரு வண்டி அமைக்கப்பட்டது. நியூயார்க் நகரத்துச் செல்வர் மாரிஸ் ஜெசப் பொருளுதவி செய்தமையால் அது ஜெசப் வண்டி எனப் பெயர் பெற்றது. கலப்பை, விதை, எருவகை, பால் கடையும் கருவி முதலியவற்றைத் தாங்கிக்கொண்டு அவ்வண்டி ஊர் ஊராகச் சென்றது. உழவன் தன் வயலில் நின்றே ஆழ உழுவதையும் பயறு விதைப்பதையும் கண்டறிந்தான். தாமஸ் கேம்பல் என்பவர் அவ்வண்டியை நடத்தினார். உழவரிடம் சென்று கற்பிக்கும் பணிக்கென அமெரிக்க அரசு அமர்த்திய முதற் கறுப்பின அலுவலர் அவரே. குதிரை இழுத்த அவ்வண்டிக்குப் பின்னாளில் பொறிவண்டி மாற்றாக வந்தது.

இவ்வளவு செய்தும் அவர் பணி எளிதில் முற்றுப்பெறவில்லை. நிலம் பிறருடையதாக இருக்கும்போது மண்ணை வளமாக்குவதில் வாரக்குடிக்கு ஊக்கம் பிறப்பது அரிது. இவ்வாண்டு பயறு விதைத்து வளமாக்கிய நிலத்தை அடுத்த ஆண்டு வேறொருவன் உழக்கூடும். நிலக்கிழாரும் கடன் கொடுத்தோரும் பருத்தியையே விதைக்குமாறு வற்புறுத்தினர். இக்கட்டுகளை அறுக்கும் ஆற்றல் ஓர் ஆசிரியர் கையில் இல்லை. பல குடும்பங்கள் வறுமை நீங்காமலேயே வட நகரங்களை நாடிச் சென்றன. எனினும், தோட்டம் போட்டு உண்டவர்களும், கடன் தீர்த்து நிமிர்ந்தவர்களும், சிறுநிலம் வாங்கியவர்களும் உண்டு. அவர்தம் சிறு வெற்றிகளையே கார்வர் தம் பேறாகக் கருதினார்.

நிலக்கடலைப் பேரறிஞர்

மெக்சிகோவிலிருந்து 1892ஆம் ஆண்டளவில் டெக்சாஸினுள் புகுந்த ஒருவகைக் கூன்வண்டு, பருத்திக்காயைத் துளைத்து அழித்துக்கொண்டு கிழக்கே பரவி, 1910இல் அலபாமாவை அடைந்தது. பருத்தி ஒன்றையே நம்பியிருந்தார் கலங்கினர். பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று கார்வர் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்ததன் பொருள் அப்போது பலருக்கு விளங்கிற்று. நிலக்கடலையும் வேர்முண்டு உடைய பயிரே. மண்ணுக்கும் மனிதனுக்கும் உணவளிப்பது. 1916இல் அதனைப் பயிரிடும் முறையையும் 105 வகையாகச் சமைக்கும் முறையையும் அவர் நூலாக எழுதினார். அலபாமாவிலுள்ள எண்டர்பிரைசு என்னும் ஊரார், பருத்தியை விட்டு நிலக்கடலைக்கு மாறிச் செழித்தமையால், அம்மாற்றத்திற்குக் காரணமாயிருந்த வண்டிற்கே 1919இல் நினைவுச்சின்னம் எழுப்பினர்.

1921இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்றின்முன் நிலக்கடலை பற்றிப் பேசக் கார்வர் அழைக்கப்பட்டார். அவருக்கு ஒதுக்கிய நேரம் பத்து நிமிடமே. சிலர் ஏளனமாக நோக்கினர். அவரோ சினவாது, நிலக்கடலையிலிருந்து தாம் ஆக்கிய பால், மாவு, சாயம் முதலிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். குழுவினர் வியந்து, மேன்மேலும் நேரம் தந்து கேட்டனர். அன்று முதல் அவர் புகழ் நாடெங்கும் பரவிற்று.

புகழ் பெருகும்போது புனைவும் பெருகுதல் இயல்பு. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வரே என்று பலர் கூறுவர், அது சரியன்று. அவர் உரிமைப்பட்டயம் பெற்ற ஆக்கங்கள் மூன்றே. அவையும் பூச்சுப் பொருள்களும் வண்ணங்களும் பற்றியவை. அவருடைய உண்மையான பெருமை நலிந்த மண்ணை ஏழையின் கைக்கு எட்டும் பொருள்களால் வளமாக்கிக் காட்டியதே. அவரிடமும் குறைகள் இருந்தன. கழகத்துக் கோழிப்பண்ணையையும் கணக்குகளையும் மேற்பார்க்கும் பணி அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் புக்கர் வாஷிங்டனுக்கும் அவருக்கும் பலமுறை மனவேறுபாடு நேர்ந்தது. ஆயினும் 1915இல் அப்பெரியார் மறைந்தபோது கார்வர் தந்தையை இழந்தவர் போல வருந்தினார்.

களையிலும் பயன் கண்டவர்

நாள்தோறும் விடியுமுன் எழுந்து காட்டிடை நடப்பதும், புதிய செடிகளைக் கொணர்ந்து ஆராய்வதும், சட்டையில் ஒரு மலரைச் செருகிக்கொள்வதும் அவருடைய வழக்கம். அலபாமாவின் செம்மண்ணிலிருந்தும் வெண்களியிலிருந்தும் வண்ணம் எடுத்து, ஏழைகளின் குடில்களுக்குப் பூசக் கற்பித்தார். களை என்று நாம் வெறுத்து எறியும் செடிகளுள்ளும் உணவாவன பல உண்டு என்று ஆராய்ந்து, 1942இல், உலகப் போரால் உணவு அருகியிருந்த காலத்தில், அவற்றைச் சமைக்கும் முறைகளை நூலாக வெளியிட்டார். பயிரினிடையே வரும்போது களையாவது, பசித்தவன் கலத்தில் கீரையாகும் என்பது அவர் கண்ட உண்மை. புலாலுண்ணாதார்க்கு ஏற்ற உணவைப் பற்றிக் காந்தியடிகளுக்கு அவர் குறிப்புகள் அனுப்பியதும் நினைக்கத்தக்கது.

பொருளைத் தமக்கெனச் செலவிடும் பழக்கம் அவரிடம் இல்லை. பழைய உடையே போதும் என்றிருந்தார். சேர்ந்த செல்வத்தையெல்லாம் 1940இல் நிறுவிய ஆராய்ச்சி அறநிலையத்திற்கே அளித்தார். 1943ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள் அவர் மறைந்தார். புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே, அவர் பிறந்த டயமண்ட் பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. ஒரு கறுப்பினத்தவர்க்கு அந்நாட்டில் அமைந்த முதல் தேசிய நினைவிடம் அதுவேயாகும். ஒரு குதிரைக்கு ஈடாக மீட்கப்பட்ட குழந்தை தவழ்ந்த மண்ணை ஒரு நாடே போற்றிக் காக்கலாயிற்று.

மண் வறிதாயிற்று என்று கைவிடுவார் பலர். அது வறிதானது ஏன் என்று வினவி, அதற்குரியதை அதற்கு மீண்டும் அளிப்பார் சிலரே. கார்வர் நிலத்தையும் அவ்வாறே நோக்கினார். ஒதுக்கப்பட்ட மக்களையும் அவ்வாறே நோக்கினார். களையை வெறுத்துக் கொத்துவதோடு நில்லாது, நல்ல பயிரை நெருங்க விதைத்து அதற்கு இடமில்லாமற் செய்வதே அவர் கற்பித்த உழவு. அவர் நடந்த வயல்களில் இன்றும் பயறு படர்வதுபோல, அவர் விதைத்த அறிவும் உலகெங்கும் படர்ந்து பயன் தருகின்றது.